வாய் தவறிச் சொன்ன பெயர்

எல்லையில் சண்டை நடந்த நாட்களில் என் மகனிடமிருந்து போன் வரவில்லை. தன்னைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று கடைசியாகச் சொல்லியிருந்தான். ஆம்பூரில் பஸ் ஏறினேன். பக்கத்தில் புர்கா அணிந்த ஒரு பெண்மணி, ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்த்தார்.

"இன்னாக்கா, தையல் வுட்டுப்போச்சு. மூஞ்சும் அப்படித்தான் கீது."

அழுதுவிட்டேன். பையன் பட்டாளத்தில் இருப்பதையும் உளறிவிட்டேன்.

"பேர் சொல்லுங்க, அல்லாகிட்ட துஆ கேக்கறேன். கராச்சில கட்டிக்குடுத்த எங்க அக்காகிட்டயும் சொல்றேன். அவ தொழுகை ஜாஸ்தி, நான் கம்மி."

"ஐயோ, அந்தப் பக்கமா? வேணாம்மா!"

"குண்டு அங்கேர்ந்துதான வருது? துஆவும் வரட்டுமே." குரலைத் தாழ்த்தினார். "அவ பையனும் அங்க பட்டாளம்தான்க்கா."

பயத்தில் மகன் பெயரை மறைக்கப் போய், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டேன். படித்தவள்தான், ஆனாலும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் கண்களை மூடி அதை முணுமுணுத்தார்.

இரண்டு நாளில் மகன் பேசினான். வீட்டுக்காரருக்குப் பல வருட முட்டிவலியும் போய்விட்டது. எல்லாம் தைலத்தின் மகிமை என்கிறார். உங்களுக்காகக் கராச்சியில் ஒருத்தி தொழுதாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

செருப்பைத் தைத்துவிட்டேன். அந்தக் கராச்சி அக்காவின் பையன் பெயரைத்தான் கேட்காமல் இறங்கிவிட்டேன். சாமி விளக்கேற்றும்போது 'அந்தப் பையன்' என்று மட்டும் சொல்கிறேன்.