நான்கரை வோல்ட்டுக்குள் ஒரு குரல்

1996 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பிவிட்டுத் துணிகளை ஊறவைத்தேன். தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். உப்புப் போதவில்லை என்று மனைவி விரலால் சைகை செய்தாள். அவள் தொண்டைக்கு அன்று விடுமுறை.

அவள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. குரல்நாணில் சிறு முடிச்சு வந்திருந்ததால், இனி உரக்கப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெல்லப் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. திங்கள்கிழமை முதல் அவளை அலுவலக அறைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை வருத்தத்தோடு சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பஞ்சாலைக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை அவளுக்காகச் செய்தேன். நான்கரை வோல்ட்டுக்கு மூன்று பென்சில் செல், வாயருகே மைக், உள்ளங்கையளவு ஸ்பீக்கர். மெல்லப் பேசினால் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் அழுத்திச் சொன்னாலோ சிரித்தாலோ குரல் கிழிந்தது. "டீச்சருக்குள்ள தகர டப்பா இருக்குதுங்க" என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தலைமையாசிரியை எங்களைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வார்.

கிழிவதன் காரணம் எனக்குத் தெரியும். குரலைப் பெருக்கும் சில்லான பழைய ஐ.சி.யில், மேல் டிரான்சிஸ்டர் தன் மூன்று கால்களில் எமிட்டர் என்ற காலின் வழியாகக் குரலை வெளியே தள்ளுகிறது. அதை இயக்கும் பேஸ் என்ற கால் எப்போதும் எமிட்டரைவிட ஏறக்குறைய 0.7 வோல்ட் உயரத்தில் நிற்க வேண்டும். பேஸை உயர்த்துகிற பகுதிக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். ஆகவே நான்கரை வோல்ட்டில் மேலே ஒன்றரை வோல்ட் வரை வீண். அலை அந்த உயரத்தைத் தொட்டதும் அதன் தலை வெட்டுப்படும். அதுதான் தகர டப்பா.

பெங்களூர் விற்பனையாளர் ஒருவர் மாதிரிக்குக் கொடுத்த 'ரெயில் டு ரெயில்' ஐ.சி. ஒன்று என்னிடம் இருந்தது. பேட்டரியின் பிளஸ் கம்பியிலிருந்து மைனஸ் கம்பி வரை முழுத் தூரமும் போய்வரும் என்று அதற்குப் பொருள். உள்ளே இருப்பதை விவரத்தாளில் வரைந்திருந்தார்கள். குரலை வாங்குமிடத்தில் ஒரு ஜோடிக்குப் பதிலாக இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர்கள். ஒரு ஜோடி பிளஸ் வரை வேலை செய்யும். மற்றது மைனஸ் வரை. மில்லில் ஷிப்டு மாறுவதுபோல, ஒன்று ஓய்வதற்குள் மற்றது வேலையில் இறங்கியிருக்கும். வெளியே தள்ளுமிடத்தில் டிரான்சிஸ்டர்கள் திரும்பி நின்றன. எமிட்டர்கள் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொள்ள, மூன்றாவது கால்களான கலெக்டர்கள் ஒன்றுசேர்ந்து வெளியே வந்தன. டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தால், குரல் கம்பியை ஒட்டியே போய்விடலாம். என்ன அழகான ஏற்பாடு! சாப்பிட வரச் சொல்லி அவள் கைதட்டியது காதில் விழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐ.சி.யை மாற்றிவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினேன்.

"தொண்டைய வருத்தாம கொஞ்சம் திட்டிப் பாரு, அம்மணி."

"உங்களையா, பசங்களையா?"

"யாரைத் திட்டுனா சுலபமா வருதோ, அவங்கள."

"ஏனுங்க, காலைல ஊறப்போட்ட துணி இன்னும் பக்கெட்டுலயே கெடக்குதுங்க!"

கடைசிச் சொல்லில் குரல் மறுபடி கிழிந்தது. முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் கிழிந்தது.

படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் வலு ஐ.சி.க்குக் கிடையாது. அதற்காக வெளியே இரண்டு டிரான்சிஸ்டர்கள் வைத்திருந்தேன், பழைய முறையில், எமிட்டர் வழியாகத் தள்ளும்படி. ஐ.சி. மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் மேலே 0.7, கீழே 0.7 வோல்ட்டை அவை விழுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பதுபோல வெளியிலும் திருப்பிவிட்டால் போதும்! அவற்றைக் கழற்றித் திருப்பிப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"இப்பச் சுத்தமாக் கிழியலைங்க" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தவறு பிடிபட்டது. டிரான்சிஸ்டரைத் திருப்பினால் அலையும் தலைகீழாகிவிடும்; அதனால் வெளியிலிருந்து ஐ.சி.க்குத் திரும்பி வரும் கம்பியைக் குரல் வாங்கும் அதன் மற்றொரு காலுக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். அவள் மறுபடி துணிக்காகத் திட்டினாள். ஒவ்வொரு சொல்லும் முழுதாக, வட்டமாக வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், அந்தத் துணிய நான் வேணும்னா அலசிப் போடட்டுங்களா? பாவம், சார உட்டுருங்க."

ஐந்து மணிக்குத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி பாடத்தில் ஒரு பத்தி படித்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படிக்கறது சரிங்க டீச்சர். பசங்க பேசிட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?"

மனைவி நிமிர்ந்தாள். "கடைசி பெஞ்சு! அங்க என்ன பேச்சு?"

தலைமையாசிரியை சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். முதலில் சிரித்தது மனைவிதான். அந்தச் சிரிப்பு ஓரிடத்திலும் கிழியாமல் வகுப்பறை முழுக்க நிறைந்தது.

"நாளைக்கு மொதல் பீரியடு நீங்களே எடுங்க" என்றார் அவர், இன்னும் நின்றபடியே.

மறுநாள் காலை நான் கண்விழித்தபோது, அவள் கண்ணாடி முன் நின்று, பெட்டி இடுப்பில் நழுவாமல் நிற்குமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவுவதற்கு முன்பே, குறட்டால் அதற்கு ஒரு கொக்கி வளைத்துக் கொடுத்தேன்.