இடது மூலையில் இரண்டு எழுத்து

அந்தச் சிறுகோளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. கோள் என்ன செய்யும், பாவம். கோபம் எங்கள் சங்கத்துக் காரியதரிசி மேல். அதைவிட என் மேல்.

அறுபதுகளில் மாட்டுங்காவில் வானம் பார்க்கும் சங்கம் ஒன்று வைத்திருந்தோம். பத்து குமாஸ்தாக்கள், ஒரு டெலஸ்கோப், நிறையத் தீர்மானங்கள். உண்மையில் வானத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். தாராவியில் லேத் பட்டறையில் வேலை செய்த திருநெல்வேலிக்காரர். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை ஆறு வருஷம் விடாமல் பார்த்து, பட்டறைச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுப்பார். மாதாமாதம் நான் டைப் அடிப்பேன், காரியதரிசி கையெழுத்துப் போடுவார், தாள் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போகும். பார்த்தவர் பெயர் அதில் இருக்காது. ஆபீசிலும் அப்படித்தானே? எங்கள் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

எனக்கு ஒரு பழக்கம். எதை அடித்தாலும், ஆபீஸ் முறைப்படி, இடது கீழ் மூலையில் அடித்தவனின் முதலெழுத்துகளைப் போட்டுவிடுவேன். விரல் தானாகவே போடும். மாமனாருக்கு அடித்த கடிதத்தில்கூடப் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் பதில் வந்தது. அங்கிருந்த விஞ்ஞானி தாம் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு எங்கள் தொண்டரின் பெயரைச் சூட்டப் போகிறாராம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அடக்கமாக இரண்டே எழுத்துப் போடும் அந்த மனிதரின் முழுப்பெயர் என்ன என்று கேட்டிருந்தார்.

அந்த இரண்டு எழுத்து நான். டெலஸ்கோப்பில் நான் பார்த்தது ஒரே தடவை. சந்திரன் என்று பரவசப்பட்டது எதிர்வீட்டு மாடி விளக்கு.

மூன்று நாள் கடிதத்தை டிபன் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் கொஞ்சம் கோள் களைகூடத் தெரிந்தது. நாலாம் நாள் காரியதரிசியிடம் நீட்டினேன்.

"உம்ம பேரையே எழுதும் ஓய். இல்லேன்னா என் பேரை எழுதும். கையெழுத்து என்னோடதுதானே."

"பார்த்தது அவர், சார்."

"லேத் ஓட்டறவன் பேரை ஆகாசத்துல ஏத்தினா சங்கத்துக்கு என்ன கௌரவம்? அவன் மெம்பரே இல்லையே."

மெம்பராகச் சேர்க்க மறுத்தவரே இவர்தான். காது கொதித்தது. கொதித்த காதோடு "சரி சார்" என்றேன். ஆபீசிலும் அவர்தான் என் மேலதிகாரி.

சனிக்கிழமை தாராவிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் லேத்தை நிறுத்தினார்.

"ஆறு வருசமா ஒரு தாள்லகூட எம் பேரு இல்லியா சார்?"

"இல்லை."

"கோளு கெடக்கட்டும். இத மொதல்லயே சொல்லியிருக்கணும்லா? மாசாமாசம் சீட்ட வாங்கும்போது நல்லா சிரிச்சீயளே."

வைதிருந்தால் ஏதாவது ஜோக்கடித்துத் தப்பித்திருப்பேன். அவர் வையவில்லை. ஒரு சீட்டில் பெயரை எழுதி நீட்டினார். "இதையாவது தப்பில்லாம அடிங்க."

அடித்தேன். நானே கையெழுத்துப் போட்டு ஆபீஸ் வாசல் தபால்பெட்டியில் சேர்த்தேன். ஸ்டேஷன் படியேறும்போதுதான் உறைத்தது. மூலையில் மறுபடி என் இரண்டு எழுத்து. திரும்பி ஓடி, பெட்டியைக் கட்டிக்கொள்ளாத குறையாகக் காவல் நின்றேன். தபால்காரர் வந்து, "டாலா தோ டாலா, சாப்" என்று பையைக் கட்டினார். போட்டது போட்டதுதானாம். உடனே ஆபீசுக்குத் திரும்பி, 'அந்த மூலையைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று இன்னொரு கடிதம் அடித்தேன். அதன் மூலையிலும் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கையால் எழுதினேன்.

அவர் பெயர்தான் வைத்தார்கள். காரியதரிசி அந்த அறிவிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, 'சங்கத்தின் சாதனை' என்று சுவரில் மாட்டினார். அதற்குப் பிறகு தாராவியிலிருந்து சீட்டு வரவில்லை.

"ஏன் ஓய், இந்த மாசம் ரிப்போர்ட் அடிக்கலையா?"

"பார்க்க ஆள் இல்லை சார். நீங்க பார்த்துக் குடுங்கோ, கையெழுத்து நான் போடறேன்."

சொல்லிவிட்டு டைப்ரைட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மறுவாரம் செம்பூர் கிடங்குக்கு மாற்றல் வந்தது. அந்த உத்தரவின் இடது மூலை காலியாக இருந்தது. காரியதரிசியே அடித்திருக்கிறார்.