பலகை மாற்றுகிறவர்

மயிலிட்டிக் கடலில் பலகைமேல் நின்று துடுப்புப் போடும் ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், வெயிலில் தோலுரிந்த மூக்கு. அகலமானது மந்தம், நீளமானது பாரம் என்று மாதத்துக்கொரு பலகை மாற்றுவார்.

அன்று சோளகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. கரையோரம் அலையில்லாததை நம்பி, புதிய ஒடுங்கிய பலகையில் இறங்கினார். காற்று அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனது. கரையில் நின்ற நான் என் மீன்பிடி வள்ளத்தில் துரத்திப் பிடித்தபோது, குப்புறக் கிடந்து பலகையைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“பலகையை விட்டிட்டுக் கையைத் தாங்கோ அண்ணை!”

“விடமாட்டன் தம்பி. நான் தேடினது இதைத்தான். கவிழேல்லை, பார்.”

“உங்களுக்கென்ன விசரே?” இரண்டையும் சேர்த்து இழுத்து ஏற்றினேன்.

மறுகிழமை வேறு பலகையோடு நின்றார்.

“அண்டைக்குக் கட்டிப்பிடிச்சது எங்கை?”

“அது படுக்கத்தான் நல்லது தம்பி. நிக்க ஏலாது.”

வாயில் வந்தபடி திட்டினேன். ஆனாலும் அவர் கரையேறும்வரை வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.