மூன்று மூலை நட்சத்திரம்

தங்கையின் வளைகாப்புக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊரான போலகம் வந்திருந்தேன். கிளம்பக் கூடாத நேரத்தில் கிளம்பி வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியும். வேறொரு கிரகத்துக்குப் போகவிருந்த விண்கலத்துக்காக நான் வடிவமைத்த கேமரா, அந்த வாரம்தான் பெங்களூரில் குளிர்ச் சோதனைக்குள் போயிருந்தது.

சோதனை என்றால், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ஓர் இரும்பு உருளை. நாங்கள் அதைச் சேம்பர் என்போம். கேமராவை உள்ளே வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, விண்வெளியில் இருக்கும் குளிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். சேம்பரின் சுவரில் தடித்த கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே விளக்கை வைத்து ஒரு போலி நட்சத்திரத்தை உண்டாக்குவோம். உள்ளே இருக்கும் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த நட்சத்திரம் வட்டப் புள்ளியாகவே தெரிய வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

வெள்ளிக்கிழமை காலை சீர்த்தட்டுகளோடு வேனில் சுரக்குடிக்குக் கிளம்பினோம். தங்கையின் புகுந்த வீடு அங்கே. புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் பெரிய தூக்குகளில் பின்னால் இருந்தன. வளையல் பெட்டி என் மடியில். வேன் அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. சோதனையைக் கவனித்துக்கொண்டிருந்த என் சக பொறியாளர்.

"நட்சத்திரம் வட்டமா இல்லைங்க," என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மங்கலா இருக்கா?"

"மங்கல்னா பரவாயில்லையே. உருவமே மாறியிருக்கு."

படத்தை அனுப்பச் சொல்ல முடியாது. சோதனைப் படம் எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் பார்க்கிறதை நான் காதால்தான் வாங்க வேண்டும்.

"எது மாதிரி இருக்கு? தயங்காம சொல்லுங்க."

"சமோசா மாதிரி," என்றார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். மூன்று மூலை. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை வளையல் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. என் லென்ஸ் ஒரு டைட்டானிய வளையத்துக்குள் மூன்று இடங்களில் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. குளிரில் உலோகம் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். அந்த வித்தியாசத்தைப் பசை தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் வளையம் லென்ஸை மூன்று பக்கமும் கிள்ளிப் பிடிக்கும். நட்சத்திரத்துக்கு மூன்று மூலை முளைக்கும். இன்னும் குளிர்ந்தால், கிள்ளுகிற இடத்தில் லென்ஸே விரிசல் விட்டுவிடலாம்.

ஆனால் சேம்பரின் சன்னலும் ஒரு சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதுவும் கிள்ளப்பட்டிருக்கலாம். அப்படியானால் என் லென்ஸில் கோளாறே இல்லை.

"இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம்," என்றார் அவர். "மதியத்துக்குள்ள மறுபடி குளிரை இறக்க ஆரம்பிக்கணும்னு திட்டத் தலைவர் சொல்றார். இன்னும் இருபது டிகிரி பாக்கி. சன்னலாத்தான் இருக்கும்னு அவர் நினைக்கிறார்."

"நான் கூப்பிடுற வரைக்கும் இறக்காதீங்க."

"நான் பிடிச்சு வைக்கிறேன். ஆனா சீக்கிரம்."

முன் இருக்கையிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். "அந்தப் போனைக் கொஞ்சம் வையேன்டி. இன்னைக்கு ஒரு நாளாவது."

சுரக்குடியில் இறங்கியபோது பந்தலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். தங்கை பட்டுப்புடவையில், கன்னத்தில் சந்தனத்தோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவளுடைய மாமியார் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, "ராகு காலம் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுடணும். அக்காக்காரிதான் மொதல்ல போடணும், வாங்க," என்றார்.

உட்காரப் போனேன். போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை திட்டத் தலைவரே.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

"அக்கா," என்றாள் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டும் நான் எழுந்து போனேன்.

வீட்டுக்குள் சிக்னல் சரியாக எடுக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய், வயல் வரப்பில் ஏறி நின்றபோதுதான் குரல் தெளிவாக வந்தது. பயிர் கதிர் வாங்கும் பருவம். சேற்று வாசம் அடித்தது. தலைவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில், பொறுமையாகத்தான் பேசினார். கேமராவை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, சோதனையைப் பாதியில் விட்டால் மறுபடி சேம்பர் கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று உனக்கே தெரியும், சன்னல்தான் காரணம் என்று நீ சொன்னால் மேலே போகலாம் என்றார்.

"சொல்ல முடியாது சார். பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"எப்படிப் பார்ப்பாய்?"

வேனிலேயே யோசித்து வைத்திருந்தேன். கேமரா உள்ளே ஒரு சுழலும் பீடத்தின் மேல் இருந்தது. பார்க்கும் திசையை மாற்றாமல் கேமராவை மட்டும் பக்கவாட்டில் உருட்டலாம். மூக்குக்கண்ணாடியில் கீறல் இருந்தால், தலையைச் சாய்த்தாலும் கீறல் கூடவே வரும். சன்னல் கண்ணாடியில் கீறல் இருந்தால், தலையைச் சாய்க்கும்போது அது கோணம் மாறித் தெரியும். அதேபோல, கேமராவை உருட்டும்போது படத்தில் முக்கோணம் திரும்பினால் குற்றம் சன்னலுடையது. திரும்பாமல் அப்படியே நின்றால் என்னுடைய லென்ஸ்.

தலைவர் யோசித்தார். "அந்தக் குளிரில் பீடத்தின் மோட்டாரை நாம் ஓட்டிப் பார்த்ததே இல்லை. நடுவில் சிக்கிக்கொண்டால்?"

"சிக்கினால் சோதனை போகும் சார். உருட்டாமல் இறக்கினால் லென்ஸே போகலாம்."

"உருட்டுங்கள்," என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. போன் என் சக பொறியாளரின் கைக்கு மாறியது.

"இப்ப முனைங்க எங்கே இருக்கு? கடிகாரத்தை வச்சுச் சொல்லுங்க," என்றேன்.

"பன்னிரண்டு, நாலு, எட்டு."

"அறுபது டிகிரி உருட்டுங்க. சன்னலா இருந்தா முக்கோணம் தலைகீழாயிடும். ஆறு, பத்து, ரெண்டுக்கு வரணும்."

பந்தலில் பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்காகக் காத்திருக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மோட்டார் நகர்கிறது என்றார். நின்றுவிட்டது என்றார். "இல்ல இல்ல, மறுபடி நகருது, மெதுவா." ஆறு, பத்து, ரெண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேண்டுதல் மாதிரிதான்.

"வந்துருச்சு. படம் எடுக்கிறோம்."

"சொல்லுங்க."

"பன்னிரண்டு, நாலு, எட்டு," என்றார். "அப்படியே இருக்குங்க."

கால் வழுக்கி வரப்பிலிருந்து இறங்கிவிட்டேன். புடவைக் கரையெல்லாம் சேறு. தலைவர் மறுபடி வந்தார். இருபது டிகிரிதானே, தாங்காதா என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள். தாங்கும் என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்கு வருஷ வேலை அது.

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். எனக்குத் தெரியவில்லை சார். நிறுத்துங்கள். சூடேற்றுவதையும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிலேயே விரிசல் விடும்."

"இதன் விலை என்னவென்று தெரிகிறதா?"

"தெரிகிறது."

"திங்கட்கிழமை வந்துவிடு," என்று வைத்துவிட்டார்.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். தங்கையின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நான் மனைக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "முடிஞ்சுதா ஒன் வேலை?" என்றாள்.

"முடியல. கெட்டுப்போச்சு."

அப்போதுதான் நிமிர்ந்தாள். கோபம் அப்படியே இருந்தது, ஆனாலும் கையை நீட்டினாள். "அழுவாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க. போடு." நான் அழுதுகொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் மறைக்கப் போட்டதில் முதல் வளையல் உடைந்தது. மாமியார் சட்டென்று வேறொன்றை எடுத்துக் கொடுத்து, உடைந்ததை யாரும் பார்க்கும் முன் முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

திங்களன்று சேம்பரைத் திறந்தார்கள். வெள்ளை உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, டார்ச்சை லென்ஸின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். என் சக பொறியாளர் தோளுக்குப் பின்னால் நின்றார். முதல் பசை இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் மெல்லிய கோடு ஒன்று மின்னியது. டார்ச்சை நகர்த்தினேன், கோடும் நகர்ந்தது. பசையின் விளிம்பில் பட்ட வெளிச்சம்தான். லென்ஸில் விரிசல் இல்லை.

வளையத்தைக் கழற்றி அளந்து பார்த்தபோது, அதன் உட்புறம் நாங்கள் கேட்டதைவிட மிகக் கொஞ்சம் சிறியதாக இருந்தது. தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. அதனால் பசைக்கு இருந்திருக்க வேண்டிய இடம் இல்லாமல் போயிருந்தது. புது வளையம் கடைந்து, அதே லென்ஸை மறுபடி ஒட்டி, மறுபடி சேம்பருக்குக் காத்திருந்தோம். ஒப்படைக்கும் நாள் தள்ளிப்போனது. கூட்டங்களில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். தலைவர் ஒரு தடவைகூட என்னை விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பழைய மாதிரி சிரித்துப் பேசவும் அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

இரண்டாவது சோதனையில் நான் ஊருக்குப் போகவில்லை. திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். முன்பு நிறுத்திய குளிரைத் தாண்டி இறங்கும்போது, என் சக பொறியாளர் எழுந்து அறையின் கோடிக்குப் போய்விட்டார். "நான் பாக்கல, நீங்களே சொல்லுங்க," என்றார்.

கடைசி டிகிரி வரை நட்சத்திரம் வட்டமாகவே இருந்தது.