என் கை நின்ற விலை

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை விற்கப்போவதாகவும், வருடக் கடைசிக்குள் காலி செய்யும்படியும் வீட்டுக்காரர் சொன்னார். இனி சொந்த வீடுதான் என்று முடிவு செய்தோம். எங்கள் சேமிப்புக்கு வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகள்தாம் கட்டுப்படியாகும். கிள்ளானில் ஒரு தரை வீடு ஏலத்துக்கு வந்தது.

மூன்று லட்சத்துப் பத்தாயிரம் வெள்ளிவரை கேட்கலாம் என்று கணக்கிட்டேன். கூரை மாற்றும் செலவு, பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட வரி, வக்கீல் கட்டணம் எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு வந்த தொகை அது. நாங்கள் ஓய்வு பெற்ற பின் ஒரு மாதத் தவணைகூட மிச்சமிருக்கக் கூடாது.

கணவரோ ஏலத்துக்கு முன்பே உறவினர் எல்லாருக்கும் ஃபோன் போட்டு, கார்த்திகை மாதம் பால் காய்ச்சுகிறோம் என்று சொல்லிவிட்டார். அவர் தம்பி சாப்பாட்டுக்கு ஆள்கூடப் பேசிவிட்டார்.

ஏலம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. எண் அட்டை என் கையில் இருந்தது; கணவரும் அவர் தம்பியும் என் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நாங்களும் முன்வரிசையில் ஒரு சீனப் பெரியவரும்தான் மிஞ்சினோம். மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு அட்டையைத் தூக்கினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐயாயிரம் ஏற்றினார். நான் அட்டையை மடியில் வைத்தேன்.

"தூக்கு லா," என்றார் கணவர்.

"அண்ணி, கை வலிக்குதா? நான் தூக்கட்டுமா?" என்றார் தம்பி.

"உங்க அண்ணனுக்கு எழுவது வயசாகறப்ப வர்ற தவணைய நீங்க கட்டுவீங்களா, தம்பி?"

அவர் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

சுத்தியல் விழுந்தது. எழுந்திருக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அந்த வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் எந்த நேரம் வெயில் விழும் என்பதுவரை பார்த்து வைத்திருந்தேன்.

"அஞ்சாயிரம்தானே அண்ணி. அதுக்குப் போய் வீட்டையே விட்டுட்டீங்களே," என்றார் தம்பி, காரில் ஏறும்போது.

"அந்தப் பெரியவரு அதோட நிறுத்திக்கறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

ஒவ்வொரு முறையும் ஐயாயிரம்தான் ஏறும். எங்கே நிற்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மண்டபத்தில் முடிவு செய்தால், நமக்குப் பதிலாக நாம் ஊருக்குச் சொன்ன வார்த்தைதான் கை தூக்கும்.

கார் சுபாங் ஜெயாவைத் தாண்டியது. கணவர் கேட்டார்: "தெலுக் பங்லிமா காராங்ல ஒரு வீடு ஏலத்துக்கு வருதுன்னியே. அதுக்கு எவ்ளோ வரைக்கும் போகலாம்?"

"மழை பெய்யறப்ப போய்ப் பாக்கணும். ஒழுகுதா இல்லையான்னு தெரியாம விலை சொல்ல முடியாது."

வருடக் கடைசிக்குள் அமையாவிட்டால் வேறொரு வாடகை வீட்டில் சில மாதம் இருப்போம், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுகிறேன் என்றேன். யாருக்கும் ஃபோன் போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

"என்கிட்டகூடவா சொல்ல மாட்டீங்க?" என்றார் தம்பி பின்சீட்டிலிருந்து.

"முக்கியமா உங்ககிட்டதான்."