சக்கரம் நிற்கும்வரை

திருவாதவூரில் போய், பாண்டிமீனாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் வேலை என்பார் ஒருவர், கணக்கு எழுதும் வேலை என்பார் இன்னொருவர். பெற்ற தாய் பாண்டியம்மாளே, "மெசினு வாங்குறவுகளுக்குப் புக்கு எழுதிக் குடுக்குறா. அதுக்குப் போயி எதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்குறாய்ங்கன்னுதான் எனக்கு வெளங்கல" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. அவனியாபுரத்துக்குத் தெற்கே விவசாயக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் பாண்டிமீனா டெக்னிக்கல் ரைட்டர். மெஷினை எப்படிப் பூட்டுவது, எங்கே எண்ணெய் விடுவது, எங்கே கையை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுதி, படம் சேர்த்து, புத்தகமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. கம்பெனியில் அதற்கு மேனுவல் என்று பேர். எழுதுவதில் அவளுக்குப் பெரிய பாடு கிடையாது. எழுதியதைப் புத்தகமாக்கும் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதுதான் பாடு. ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த நாலு பக்கமும் சரிந்துவிடும். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் நிற்கும், அதற்குரிய விஷயம் மறு பக்கத்துக்குப் போய்விடும். இங்கிலீஷ் என்றால் சொன்ன இடத்தில் உட்காரும் எழுத்து, தமிழ் என்றதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். காலையில் அதோடு உட்கார்ந்தால் சாயங்காலம் கண் எரியும்.

அந்தத் தமிழ் மேனுவல் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டது. முன்பெல்லாம் இங்கிலீஷும் இந்தியும்தான் அச்சடிப்பார்கள். "செய்றது மதுரையில, விக்கிறது மேலூர்லயும் உசிலம்பட்டியிலயும். தமிழ்ல புக்கு இல்லன்னா எப்படி சார்?" என்று மேனேஜர் இம்மானுவேலைப் போட்டு நச்சரித்து வாங்கினாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா பால்பாண்டிக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. ஊரார் வயலில் மருந்தடிக்கப் போவார். மருந்து டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் நீட்டுவார். "என்ன போட்டுருக்கு பாப்பா? எம்புட்டுத் தண்ணிக்கு எம்புட்டு?" அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவள் வாசித்தபடியே அவர் கலக்குவார், ஒரு சொட்டுக் கூட்டாமல் குறைக்காமல். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்டுச் செய்வார் என்பது மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது.

ஆனால் பத்து வருஷம் ஒரு ஆபீஸில் உட்கார்ந்தால் ஆபீஸ் பேச்சு நமக்கும் ஒட்டிக்கொள்ளும். மெஷின் விற்றுக் கொடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவியையும் மேனுவலையும் வைத்து வாங்குபவர் கையில் கொடுப்பார்கள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாது. "நம்ம சாமிக்குத்தாம்மா புக்கு எழுதுறோம்" என்பார் இம்மானுவேல். எல்லோரும் சிரிப்பார்கள். பாண்டிமீனாவும் சிரித்திருக்கிறாள்.

கதைக்கு வருவோம். கம்பெனியில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷின் இரண்டு உண்டு. பெரியதில் பிரேக் இருக்கிறது. ஸ்விட்சை அமர்த்தினால் கத்தி மாட்டிய சக்கரம் உடனே நின்றுவிடும். மாடு வைத்திருக்கும் சின்ன வீடுகளுக்கான மெஷினில் அது இல்லை. ஸ்விட்சை அமர்த்தியதும் மோட்டார் சத்தம் அடங்கும், நின்றுவிட்டது போலத்தான் தெரியும். மூடிக்குள்ளே அந்தக் கனத்த சக்கரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் முக்கால்வாசி விஷயம் ஒன்றே என்பதால், ஒரே ஃபைலில்தான் எழுதுவார்கள். சின்னதுக்கு மட்டும் உரிய வரியில் நீல அடையாளம், பெரியதுக்கு மட்டும் உரியதில் சிவப்பு அடையாளம். புத்தகம் எடுக்கும்போது எது வேண்டுமோ அதில் டிக் போட்டால் அது வரும், மற்றது ஒளிந்துகொள்ளும். நல்ல ஏற்பாடுதான். தட்டை சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பக்கத்தில் பாண்டிமீனா இப்படி ஒரு நீல வரி எழுதியிருந்தாள்: "உள்ளே இருக்கும் சக்கரம் முழுவதும் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருக்கவும். அதற்கு முன் மூடியைத் திறக்கக் கூடாது."

போன வருஷம் கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்கியது. விற்க வந்தவர், பழைய ஃபைலெல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும், எதையும் தொட வேண்டாம் என்றார். தானாகத்தான் மாறியது. இங்கிலீஷ் ஃபைல்களை அவர்களே சரிபார்த்துக் கொடுத்தார்கள். தமிழுக்கு அவர்களிடம் ஆள் இல்லை. தமிழ் ஃபைலில் இருந்த நீல அடையாளத்தைப் புது சாஃப்ட்வேருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாததை ஒளித்துவைத்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசை எண்களும் தானாகவே நெருங்கி உட்கார்ந்துகொண்டன. இரண்டாவது வரி போன இடத்தில் மூன்றாவது வந்து இரண்டாவதாகிவிட்டது. பார்ப்பவருக்கு ஓட்டை என்று ஒன்றும் தெரியாது.

பாண்டிமீனா பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். மாற்றிய ஃபைலில் தமிழ் எழுத்தெல்லாம் உதிர்ந்து கிடந்தது. தை மாதம் டீலர்கள் கூட்டத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கொம்பையும் காலையும் பொறுக்கி எடுத்து அதனதன் எழுத்தோடு சேர்த்தாள். அச்சுக்குப் போகும் கடைசி நாளும் அவள் கண் எழுத்திலேயே இருந்தது. வரி எல்லாம் வந்திருக்கிறதா என்று இங்கிலீஷோடு வைத்துப் பார்க்கவில்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் போட்டார்கள். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களை என்ன சொல்ல? சாமிக்குத்தானே எழுதுகிறோம்.

கோடை முடிவதற்குள் செய்தி வந்தது. சர்வீஸ் எஞ்சினியர் ஆரிப் மேலூர்ப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமலே சொன்னான். கண்ணுச்சாமி என்று ஒருவர். சின்ன மெஷின். சிக்கிய தட்டையை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே கைய விட்டுருக்காப்ல" என்றார் இம்மானுவேல். "நம்ம புக்குலதான் தெளிவாப் போட்டிருக்கோமேம்மா, நிக்கிற வரைக்கும் திறக்காதன்னு. அந்தத் தமிழ்ப் பக்கத்த எடுத்து அனுப்பு. கேட்டா காட்டணும்."

அவள் பிடிஎஃப்பைத் திறந்தாள். ஒன்று, ஸ்விட்சை ஆஃப் செய்யவும். இரண்டு, மூடியைத் திறக்கவும். முன் பக்கத்தைப் புரட்டினாள், பின் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு எழுதிய ஃபைலைத் திறந்தாள். அதில் அவளுடைய நீல வரி அப்படியே இருந்தது. எழுதித்தான் இருந்தாள், எழுதியது வெளியே வரவில்லை.

இம்மானுவேல் கெட்ட மனிதர் இல்லை. அவள் போய்ச் சொன்னதைக் கேட்டதும் முகம் வெளுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "அந்தாளு புக்கப் படிச்சிருப்பாப்லன்னா நினைக்கிற?" என்றார். பதிலுக்கு நிற்காமல் அவரே தொடர்ந்தார்: "சரி பண்ணிப் போட்டுரு. வெப்சைட்லயும் மாத்திரு. முன் அட்டையில தேதி?"

"இன்னைக்குத் தேதிதான் தானா விழும் சார்."

"பழைய தேதியே வைக்க முடியும்ல?"

"முடியும் சார்."

"அம்புட்டுத்தான். ரெண்டு காப்பி அடிச்சு ஆரிப்கிட்ட குடு. புதுசக் குடுத்துட்டுப் பழச வாங்கிட்டு வந்துரட்டும்." டீ வாங்கி வரச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவள் மாற்றினாள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தேதியையும் மாற்றிப் பழையதையே போட்டாள். காப்பியை எடுத்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, "நானும் போறேன் சார்" என்றாள்.

எதற்குப் போகிறாள் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கண்ணுச்சாமி வீட்டில் இருக்கும் அந்தப் புத்தகம் பிரிக்காமல் இருக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னால், உறை பிரியாமல், குங்குமப் பொட்டோடு இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் அந்த வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கம்பெனி வேனில் ஒத்தக்கடை தாண்டி மேலூர் வரைக்கும் அதையே வேண்டிக்கொண்டு போனாள். தமிழில் மேனுவல் வேண்டும் என்று சண்டை போட்டவள், அதை யாரும் படித்திருக்கக் கூடாதே என்று வேண்டும்படி ஆகிவிட்டது.

கண்ணுச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் வெள்ளைக் கட்டு. தொழுவத்தோரம் மெஷினைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். வாங்கிய அன்று போட்ட மாலையின் நார் மட்டும் அதில் தொங்கியது. "வாங்க தாயி. வாங்க தம்பி. தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்றார். யாரைச் சொல்லச் சொல்கிறார் என்று பாண்டிமீனாவுக்குப் புரியவில்லை. அவர் மனைவி செல்லத்தாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளோடு அவர் பேசுவதில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"அண்ணே, அந்தப் புக்கு இருக்கா?" என்று ஆரிப் கேட்டான்.

செல்லத்தாய் உள்ளே போய்ச் சாமி படத்தருகிலிருந்து எடுத்து வந்தாள். அட்டையில் குங்குமம் இருந்தது. உறை இல்லை. பக்க ஓரமெல்லாம் விரல் பட்டு அழுக்கேறி, நடுவில் ஒரு பக்கம் மட்டும் புரட்டிப் புரட்டித் தையல் விட்டுத் தொங்கியது. எந்தப் பக்கம் என்று பாண்டிமீனாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"எனக்கு வாசிக்க வராது தாயி" என்றார் கண்ணுச்சாமி. "இவதான் வாசிப்பா. தட்டை சிக்கிருச்சுன்னதும் புக்க எடுத்துட்டு வரச் சொன்னேன். இவ ஒண்ணொண்ணா வாசிச்சா, நானும் ஒண்ணொண்ணாச் செஞ்சேன். சுட்ச அமத்துன்னா, அமத்துனேன். மூடியத் தொறன்னா, தொறந்தேன். இந்தத் தம்பி அன்னைக்கு வந்து, நிக்கிற வரைக்கும் இருக்கணும்னு புக்குலயே போட்டிருக்குன்னாப்ல. அப்ப என்ன அர்த்தம்? ஒரு வரிய விட்டுட்டு வாசிச்சிருக்கா."

ஆரிப் தரையைப் பார்த்தான். அன்று அவன் சொன்னது தெரிந்து சொன்ன பொய்யில்லை, அப்படித்தான் நம்பியிருந்தான்.

செல்லத்தாய் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். "நானும் எம்புட்டோ தடவ பாத்துட்டேம்மா. என் கண்ணுக்குத் தட்டுப்பட மாட்டேங்குது. எந்த வரிய விட்டேன்னு மட்டும் காட்டிருங்க. அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"அக்கா, அந்தப் புதுப் புக்கக் குடுங்க" என்றான் ஆரிப் பாண்டிமீனாவிடம் மெதுவாக.

பாண்டிமீனாவின் கை பைக்குள் போனது. புதுப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. விரலை வைத்துக் காட்டிவிடலாம். கம்பெனி தப்பிக்கும், இம்மானுவேல் தப்பிப்பார், அவள் சம்பளத்தை நம்பி இருக்கும் பாண்டியம்மாளின் சிரிப்பும் தப்பிக்கும். புருஷன் கையை வாசித்தே வெட்டியவள் என்ற பேர் மட்டும் செல்லத்தாய்க்கு ஆயுசுக்கும் நின்றுவிடும். பள்ளிக்கூடப் பையோடு நின்று மருந்து டப்பாவை வாசித்த பிள்ளை ஒரு வரியை விட்டிருந்தால்? வெறும் கையை வெளியே எடுத்தாள்.

"நீங்க விடலக்கா. அந்த வரி இதுல இல்ல. நாங்கதான் போடாம விட்டுட்டோம். இந்தப் புக்க எழுதுனவ நான்தான்."

"அக்கா, வேணாம்" என்றான் ஆரிப்.

"இதை யாரு வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க. நாங்க கேட்டாலும் குடுக்காதீங்க. பத்திரமா வச்சுக்கங்க" என்று புத்தகத்தைச் செல்லத்தாய் கையிலேயே திருப்பி வைத்தாள்.

செல்லத்தாய்க்குச் சட்டென்று ஏறவில்லை. புரிந்தபோது நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணுச்சாமி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். கூப்பிட வாயெடுத்தது போலிருந்தது, கூப்பிடவில்லை. பாண்டிமீனா ஏச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த வரியில என்ன தாயி போட்டிருக்கும்?" என்று அவர் கேட்டார்.

அவள் சொன்னாள். அது அவளுக்கு மனப்பாடம்.

"எம்புட்டு நேரம் நிக்கச் சொல்லுது?"

"ஒரு நிமிஷம்ண்ணே."

அவர் சாக்குப் போட்ட மெஷினைத் திரும்பிப் பார்த்தார். தொழுவத்தில் மாடு தலையை ஆட்டியது.

"ஒரு நிமிசந்தானா?" என்றார். "போட்டிருந்தா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து தொறந்திருப்பேனே தாயி."