தடம் கேட்காத எம்.எல்.ஏ.

தனித் தொகுதியில் ஜெயித்த அன்று சென்னியப்பன் மாலைகளோடு நேராகப் போய்க் கும்பிட்டு நின்றது நஞ்சுண்டன் வீட்டு வாசலில். கட்சியின் ஒன்றியச் செயலாளர் அவர்; சீட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அவருடைய தென்னந்தோப்பில்தான் சென்னியப்பனின் அப்பா கடைசிவரை கூலிக்கு இருந்தார். மேடையில் "சட்டமன்ற உறுப்பினர் அவர்களே" என்று அழைக்கும் நஞ்சுண்டனுக்கு, தோப்பில் அவர் வெறும் சென்னியன். நாற்காலி போடுவார்கள். சென்னியப்பன்தான் உட்காரமாட்டார்.

சென்னியப்பன் தெருவின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். தோப்புக்குள் வண்டித் தடமும் பாலமும் உண்டு. ஆனால் அந்தத் தெருப் பிணம் அதில் போகக் கூடாது. தண்ணீர் விட்டிருந்தால் இடுப்பளவு நீரில் இறங்கித்தான் பாடையைச் சுமக்க வேண்டும். தடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் தன் தெருவில் அவர் ஓட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, தடத்தைக் கேட்டீங்களா?" என்பாள் மனைவி பூவாத்தாள்.

"அடுத்த சீட்டு வரட்டும் அம்மணி. இப்பக் கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு."

"சட்டசபையில ஊரூருக்குப் பாலம் கேக்கறீங்க. நம்ம தெருவுல சாகறவங்க மட்டும் நீச்சல் பழகிக்கோணுமாக்கும்?"

சிரித்து மழுப்புவார். பதவிக்காலம் முழுக்கக் காதுகுத்துகளுக்குப் போனார், நிழற்குடைகள் திறந்தார், நஞ்சுண்டன் சொன்ன ஆட்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். தடத்தை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் சீட்டு அன்புமணி என்ற புதியவருக்குப் போனது. அதன் பிறகுதான் தோப்புக்குப் போய் வாய் திறந்தார்.

"பதவியில இருக்கறப்பவே கேட்டிருக்கலாமல்ல, சென்னியா?" என்றார் நஞ்சுண்டன், இளநீரைக் கீழே வைத்துவிட்டு. "எம்.எல்.ஏ. கேட்டா நான் மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா? இப்பத் தடம் உட்டா எங்க சனம் என்னையத்தான் ஏசும்."

அந்த ஆவணியில் பூவாத்தாள் இறந்தாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

சென்னியப்பன் தலைமாட்டில் தோள் கொடுத்தார். பக்கத்தில் மைத்துனன் பிரான்சிஸ். கட்சிக் கரை வேட்டி நனைந்து காலைச் சுற்றியது. நடு வாய்க்காலில் நிமிர்ந்தார். தோப்புப் பாலத்தின் மேல், கையில் மாலையோடு நஞ்சுண்டன் நின்றிருந்தார்.

சென்னியப்பனின் இரண்டு கைகளும் பாடையை விட்டுக் குவிந்தன. பாடை சரிந்தது. பூவாத்தாளின் கூந்தல் தண்ணீரில் நனைந்தது.

"மாமா, கும்பிட்டது போதும்! அக்காளைப் புடிங்க!"